மரத்தூள் எப்போது உரமாகும்?

மாவும் தென்னையும் நிறைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலும், மலைக்கு அந்தப்புறம் பன்னீர் திராட்சைக்காக 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பள்ளத்தாக்கிலும், மண்ணின் அங்ககச் சத்தைக் கூட்ட மரக்கழிவு பயன்படக்கூடியதே. ஆனால் மர அறுவை மில்லிலிருந்து வந்த தூளை அப்படியே வேரடியில் கொட்டினால் பயனுக்கு முன்னே கேடு வந்து நிற்கும்.

மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 400 பங்கு கரிமம் இருக்க, அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பங்கே உகந்ததாகையால், குறைபடும் தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. திராட்சைக் கொடியின் அடியிலைகள் வெளுத்து மஞ்சளாவதும், புதுத்தளிர் நீளாமல் குறுகி நிற்பதும் இதன் அடையாளங்கள். தென்னை நார்க்கழிவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டிய வழி இங்கும் பொருந்தும்: ஒரு டன் கழிவில் 5 கிலோ யூரியாவையும் சிப்பிக்காளான் வித்தையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து மட்கவைத்தால், 112-ஆக இருந்த கரிம விகிதம் 24-ஆக இறங்குகிறது. மரத்தூளுக்குச் சாணமும் சேர்க்க வேண்டும்; காலமும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். மட்காத சிராய்களை மண்ணோடு கலக்காமல் மூடாக்காக மேலே பரப்பலாம். கரையான் ஏறாதிருக்கத் தண்டைவிட்டு ஒரு சாணாவது தள்ளியிருப்பது நல்லது. ஆந்த்ராக்னோஸ் நோய் கண்ட கவாத்துக் குச்சிகளில் பூஞ்சாணம் தங்கிவிடுவதால் அவற்றைப் பந்தலுக்குள் திருப்பிவிடலாகாது.

இதைவிடப் பெரிய ஆபத்து மூலப்பொருளில் இருக்கிறது. ப்ளைவுட், பெயின்ட் பூசிய பலகை, செம்பு–குரோமியம்–ஆர்சனிக் மருந்தேற்றிய மரம் ஆகியவற்றின் தூள் கலந்துவிட்டால், மட்கவைத்தாலும் ஆர்சனிக் அழியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்துள்ள நிலையில், அங்கு விழுந்து கிடக்கும் மரத்தையும் அனுமதியின்றி எடுத்துவருவது குற்றம் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

அங்கக உரங்கள் 2006-இல் உரக்கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன்கீழ் கொண்டுவரப்பட்டு, அவற்றில் இருக்கக்கூடிய கன உலோகங்களுக்கு வரம்பும் விதிக்கப்பட்டுள்ளது. எனினும் 'மரத்தூள்' என்று எழுதிய ரசீதுக்கு இந்த ஆணையின் காப்பு கிடையாது. உரமென்று விற்றால் உரமென்றே ரசீதில் எழுதி வாங்க வேண்டும். தூளை இறக்கிய அன்றே சாட்சிகள் முன்னிலையில் ஒரு பை மாதிரியை முத்திரையிட்டு வைப்பதும், இலை மஞ்சளானதும் வேளாண்மைத் துறைக்கு எழுத்துமூலம் தெரிவித்து நேரில் பார்வையிடச் செய்வதும் பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது சான்றாகும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.