வேட்பாளர் கைபடாத பணம்

அமெரிக்க அதிபர் தேர்தலில் பணம் செய்யும் வேலையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நவம்பர் வாக்குப்பதிவையே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். வெளிக்குழுக்களின் பணம் அதைவிடக் கூர்மையாக வேலை செய்யும் இடம், அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும் உட்கட்சி வேட்பாளர் தேர்வான பிரைமரி. நவம்பரில் கட்சி அபிமானம் வாக்காளருக்கு வழிகாட்டிவிடும். பிரைமரியிலோ போட்டியிடுவோர் அனைவரும் ஒரே கட்சிக்காரர்கள். வாக்களிக்க வருவோரும் குறைவு. சில வாரத் தொலைக்காட்சி விளம்பரம் ஒருவரைக் கவிழ்த்துவிட அங்கே போதும்.

2010 ஜனவரியில் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்றது. இரண்டே மாதத்தில், அப்படிச் செலவிடும் குழுக்கள் வரம்பின்றி நன்கொடை வாங்கலாம் என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சூப்பர் பேக்’ பிறந்தது இப்படித்தான். 2012 பிரைமரியில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு நேரடியாகத் தரக்கூடிய தொகை 2,500 டாலர். அதே வேட்பாளரை ஆதரிக்கும் சூப்பர் பேக்குக்குக் கோடிக்கணக்கில் தரலாம். விளம்பரச் செலவை வேட்பாளரோடு கலந்து பேசி முடிவு செய்யக் கூடாது என்பதே நிபந்தனை.

அந்த நிபந்தனை வேட்பாளருக்குக் கேடயமாகிவிட்டது என்பதே என் வாதம். 2011 டிசம்பர் தொடக்கத்தில் குடியரசுக் கட்சியினரிடையே எடுத்த கருத்துக்கணிப்புகளில் நியூட் கிங்ரிச் முன்னணியில் இருந்தார். அவரோடு போட்டியிட்ட மிட் ராம்னியின் முன்னாள் ஆலோசகர்கள் நடத்திய ‘ரெஸ்டோர் அவர் ஃபியூச்சர்’ குழு அயோவாவில் கிங்ரிச்சுக்கு எதிராக விளம்பரங்களைக் கொட்டியது. ஜனவரி 3-ல் அங்கே நடந்த வாக்களிப்பில் அவர் நான்காம் இடத்துக்கு இறங்கினார். ராம்னி தன் சொந்த விளம்பரத்தில், அதற்குத் தன் ஒப்புதல் உண்டு என்று தன் குரலிலேயே சொல்ல வேண்டும். குழுவின் விளம்பரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாக்குதலின் பலன் அவருக்கு. பழி யாருக்கும் இல்லை. பதிலுக்கு கிங்ரிச்சின் ஆதரவுக் குழு, ராம்னியின் தொழில் வாழ்க்கையைச் சாடி 28 நிமிடப் படம் வெளியிட்டது. அதிலுள்ள பிழைகளைத் திருத்துங்கள், இல்லையேல் படத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கிங்ரிச்சே பகிரங்கமாகக் கேட்க வேண்டி வந்தது.

பணம் கொட்டியும் தோற்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2016 தேர்தலுக்கு ஜெப் புஷ்ஷுக்காக ‘ரைட் டு ரைஸ்’ என்ற சூப்பர் பேக் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அவருக்குக் கிடைத்தவர்கள் 4 கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள். 2024 தேர்தலில் ரான் டிசாண்டிஸுக்காக வீடு வீடாக ஆள் அனுப்பும் வேலையைக்கூட ஒரு சூப்பர் பேக் ஏற்றுக்கொண்டும், அயோவாவில் அவர் வெகுதூரம் பின்தங்கிய இரண்டாம் இடமே பெற்றார். பணத்தால் வெற்றியை வாங்க முடியாது என்பதற்கு இவை சான்று. போட்டியின் போக்கை மாற்ற முடியாது என்பதற்குச் சான்றல்ல. புஷ்ஷின் குழு செலவிட்டதில் கணிசமான பங்கு சக போட்டியாளர் மார்க்கோ ரூபியோவைத் தாக்கவே போனது. யாரை வீழ்த்துவது, யாரைக் களத்தில் நீடிக்க விடுவது என்பதில்தான் இந்தப் பணத்தின் பலம் இருக்கிறது.

கையில் காசில்லாத வேட்பாளருக்கு இது உயிர் கொடுக்கிறதே என்பது இன்னொரு வாதம். 2012 ஜனவரியில் கிங்ரிச்சின் ஆதரவுக் குழுவுக்கு கோடீஸ்வரர் ஷெல்டன் அடெல்சன் தம்பதியர் 1 கோடி டாலர் கொடுத்தார்கள். கிங்ரிச் தென் கரோலினாவில் வென்று போட்டியில் நீடித்தார். ஆயிரக்கணக்கானோரின் சிறு நன்கொடையால் நீடிப்பதும் ஒரு குடும்பத்தின் காசோலையால் நீடிப்பதும் ஒன்றல்ல. பின்னவர் யாருக்குக் கடமைப்படுவார் என்று வாக்காளர் கேட்பது நியாயம்.

இப்படிச் செலவிடுவதும் பேச்சுரிமையே என்ற வாதம்தான் வலுவானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ தீர்ப்பில் எட்டு நீதிபதிகள், செலவையும் நன்கொடையாளரையும் வெளியிடச் சொல்லும் சட்டம் செல்லும் என்றார்கள். நடைமுறை அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. 2011-ன் பிற்பாதியில் இக்குழுக்களுக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலைத் தாக்கல் செய்யக் கெடு 2012 ஜனவரி 31. அதற்குள் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா மூன்றும் வாக்களித்துவிட்டன. ஃபுளோரிடா அன்றைக்குத்தான் வாக்களித்தது. காங்கிரஸ் வேட்பாளர்கள் கடைசி 20 நாளில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கினால் 48 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. பிரைமரியில் இறங்கும் ஒவ்வொரு சூப்பர் பேக்குக்கும் அதை விரிவுபடுத்தினால் யாருடைய பேச்சும் தடைபடாது. கொடுத்தவர் யார் என்பது வாக்குப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.