பத்துக்குப் பத்து அறையில் பேஸ் ஒலி: பெட்டியை மாற்றுமுன் இடத்தை மாற்றுங்கள்!

விடியற்காலை பால் பாக்கெட்டோடு திறக்கும் கடையை இரவில்தான் மூடுகிறோம். கல்லாவை எண்ணி, பேரேட்டில் வரவு வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் நமக்கென்று உள்ளது. அந்த நேரத்தில் நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எங்களுக்கும் உண்டு. அந்த ஆசையால் நாங்கள் பட்ட பாட்டையும், கற்ற பாடத்தையும் இங்கே சொல்கிறோம். உங்கள் பணம் மிஞ்சினால் எங்களுக்கு மகிழ்ச்சி.

கடையில் கேட்டது வேறு, வீட்டில் கேட்டது வேறு

நகரத்தில் ஒரு பெரிய கடையில் பத்து அங்குல சப்வூஃபர் ஒன்றைக் கேட்டோம். மிருதங்கத்தின் தொப்பி ஒலி தனியாக, பேஸ் கிடார் தனியாக, அவ்வளவு சுத்தமாக வந்தது. ஒரு மாத லாபத்தில் பாதியைக் கொடுத்து வாங்கி வந்தோம். தளவானூரில் கடைக்குப் பின்னால் உள்ள எங்கள் அறையில், மூலையில் வைத்துப் போட்டால் எந்தப் பாட்டுக்கும் ஒரே 'கும்... கும்...' தான். இளையராஜாவின் பேஸ் கிடாரும் கும், 1992-இல் வந்த 'ரோஜா' பாடல்களும் கும்.

மறுநாள் காலை சர்க்கரை வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, "ஏம்பா தம்பி, ராத்திரியில மாவு மிஷின் ஓட்டுறீங்களா? சுவரே அதிருது" என்றார். இருபது வருட வாடிக்கை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எங்களுக்குச் சுருக்கென்றது. விற்ற கடைக்காரரிடம் கேட்டால், "பத்து அங்குலம் போதாது சார், பன்னிரண்டு அங்குலமாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். இன்னும் பாதி லாபம் போகவிருந்தது. நல்ல வேளையாக, மாற்றுவதற்கு முன் விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்தோம்.

கல் ஒலியைக் குடிப்பதில்லை

நமது தளவானூர்க் குன்றில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் செய்தது. 'சத்ருமல்லன்' என்ற அவனது பட்டப்பெயரால் சத்ருமல்லேஸ்வரம் எனப் பெயர் பெற்றது. அங்கே தரையும் சுவரும் கூரையும் ஒரே பாறை. பாறை ஒலியைக் குடிக்காது. வந்ததைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் குடைவரைக்குள் பேசினால் குரல் உடனே அடங்குவதில்லை.

நம் வீடுகளும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டன. நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டில் பேஸ் ஒலி ஓட்டின் இடுக்கு வழியாக வெளியே போய்விடும். ஓசை மெலிதாக இருந்தாலும் முழக்கம் இருக்காது. கான்கிரீட் தளம், சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை என்று மாறிய பின், ஒலி வெளியேற வழியில்லை. அறைக்குள்ளேயே சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு நிற்கிறது.

565-ஐ வகுத்துப் பாருங்கள்

இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 1,130 அடி செல்கிறது. அதில் பாதி 565. இந்த 565-ஐ அறையின் நீளத்தால் (அடிக் கணக்கில்) வகுத்தால் வரும் ஹெர்ட்ஸில் அந்த அறை தானாகவே முழங்கும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 47. 10 அடிக்கு 56. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனியே இப்படிப் பார்க்க வேண்டும்.

எங்கள் அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்து. மூன்றுக்கும் ஒரே விடை, 56 ஹெர்ட்ஸ். மூன்று முழக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துவிட்டன. எந்தப் பாட்டைப் போட்டாலும் 56-க்கு அருகில் வரும் சுரம் மட்டும் பேயாக எழும்பும், மற்றவை அமுங்கிவிடும். பெரிய கடையின் ஹாலில் இந்த முழக்கங்கள் பல சுரங்களில் பரவி நெருக்கமாக விழுவதால் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரியாது. ஆகவே கோளாறு பெட்டியில் இல்லை, அறையில். பன்னிரண்டு அங்குலம் வாங்கியிருந்தால் அதே 'கும்' இன்னும் பலமாகக் கேட்டிருக்கும்!

இடம் கண்டுபிடிக்கும் முறை

முழக்கம் சுவரோரங்களில் அதிகம். மூலையில் மிக அதிகம். அறையின் நட்டநடுவில் மிகக் குறைவு. நாங்கள் பெட்டியை மூலையில் வைத்து, பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டிருந்தோம். இரண்டுமே தவறு. நட்டநடுவில் உட்கார்ந்தாலும் தவறுதான். அங்கே அந்தச் சுரம் காணாமலே போய்விடும். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முன்னால் நாற்காலியைப் போடுவது நடுவழி. பத்தடி அறையில் அது சுமார் மூன்றே கால் அடி.

பெட்டிக்கு இடம் காண ஒரு வேடிக்கையான முறை உண்டு. நாம் உட்காரும் நாற்காலியின் மேல் சப்வூஃபரை வையுங்கள். பேஸ் கிடார் சீராக ஏறி இறங்கும் ஒரு பாட்டை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கிறதோ, அதுவே பெட்டியின் இடம். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அவற்றுக்கிடையே அறை செய்யும் வேலை மாறாது. எங்களுக்கு எதிர்ச்சுவரின் நடுப்பகுதி அமைந்தது.

இதைச் சரக்கு எடுப்பதுபோல் எழுதியும் பார்க்கலாம். இப்போது கைபேசியிலேயே குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் செயலிகள் கிடைக்கின்றன. 30, 40, 50, 60, 70, 80 என்று ஒவ்வொன்றாக, சத்தத்தைக் குறைத்து வைத்து ஓடவிட்டு, 'அதிகம், சரி, குறைவு' என்று ஒரு தாளில் குறியுங்கள். பெட்டியை ஓரடி நகர்த்தி மீண்டும் குறியுங்கள். நாலு தாளில் விடை வந்துவிடும்.

திருகுகள் மூன்று

இடம் அமைந்த பிறகே திருகுகளைத் தொட வேண்டும். முதலாவது கிராஸ்ஓவர். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். 80-இல் தொடங்குங்கள்; மற்ற ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவையானால் கொஞ்சம் கூட்டலாம். இரண்டாவது ஃபேஸ். 0, 180 என்று இரண்டிலும் வைத்துக் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதில் விடுங்கள். மூன்றாவது சத்தம். பேஸ் ஒலி பெட்டியிலிருந்து வருகிறது என்றே தெரியக்கூடாது. அணைத்தால் மட்டும் எதையோ இழந்ததுபோல் இருக்க வேண்டும். மிருதங்கத் தொப்பியின் ஒலி வந்ததும் அடங்கினால் சரி. 'ம்ம்ம்' என்று இழுத்தால் இன்னும் கூடுதல்தான்.

முட்டை அட்டையும் வாட்ஸ் கணக்கும்

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகும் என்று சொல்வார்கள். நம் கடையில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒட்ட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் 22 அடிக்கு மேல். விரல் உயர அட்டை அதை என்ன செய்யும்? திரைச்சீலையும் பாயும்கூட மேல் ஒலியைத்தான் மென்மையாக்கும். கதவைத் திறந்து வைத்தால் ஓரளவு மாற்றம் தெரியும். எவர்சில்வர் பாத்திர அலமாரி, ஷோகேஸ் கண்ணாடி இவை கடகடவென்று ஆடுவதை ரப்பர் துண்டு வைத்து நிறுத்துங்கள். பாதி இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

வாங்கும்போது அட்டைப் பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது முத்திரை இல்லாத எடைக்கல். தொடர்ந்து தரக்கூடிய சக்தி ஆர்.எம்.எஸ். என்ற கணக்கில் இருக்கும். ஆயிரம் என்று எழுதியது அங்கே சில பத்தாக நிற்பதும் உண்டு. நாம் நம் கடையில் எதை ஒப்புக்கொள்ள மாட்டோமோ, அதை வேறு கடையில் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

சுவருக்கு அப்பாலும் வாடிக்கையாளர்

செங்கல் சுவர் மேல் ஒலியைத் தடுக்கும். பேஸ் ஒலியை அந்த அளவுக்குத் தடுக்காது. ஆகவே பொதுச் சுவரை ஒட்டிப் பெட்டி வைக்காதீர்கள்; அடியில் கனமான ரப்பர் வையுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது அளவு. நாம் கடை மூடி உட்காரும் நேரம் அந்த இரவுக் கணக்குத் தொடங்கும் நேரம். பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவதே நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட வழக்கம்.

பெட்டியும் நாற்காலியும் இடம் மாறியதற்கு எங்களுக்கு ஆன செலவு ரப்பர் துண்டுகளுக்கு மட்டும்தான். ஒரு வாரம் கழித்துச் சர்க்கரை வாங்க வந்த அம்மா, "மாவு மிஷினை வித்துட்டியாப்பா?" என்று கேட்டார். "இல்லம்மா, தள்ளி வெச்சிட்டோம்" என்றோம்.

எடை போடாமல் சரக்கு வாங்குவதில்லை நாம். ஒலியையும் அப்படியே அளந்து பார்த்து வாங்குவோம். வாங்கியதை இடமறிந்து வைப்போம்.