கொள்கலன் கணக்கில் சேராத எலி

2024இல் மலேசியாவின் கிள்ளான் துறைமுகம் கையாண்டவை சுமார் 1.46 கோடி இருபதடிக் கொள்கலன்கள். இந்தியாவின் தென்கோடித் தீவான கிரேட் நிக்கோபாரில், கலதியா வளைகுடாவில் திட்டமிடப்பட்டுள்ள துறைமுகத்தின் இறுதிக் கொள்ளளவு 1.42 கோடி. வேறுபாடு ஏறத்தாழ 3 விழுக்காடு. மலாக்கா நீரிணைக் கப்பல்களை நம்பியே இரண்டும் கணக்குப் போடுகின்றன.

தீவின் பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர். நகரியம், விமான நிலையம், மின்நிலையம் உட்பட முழுத் திட்டத்துக்கும் 166.10 சதுர கிலோமீட்டர் வேண்டும். அதில் காடு 130.75, தீவின் 14 விழுக்காடு. 243 சதுர கிலோமீட்டர் கொண்ட கோலாலம்பூரில் பாதிக்கு மேல் என்றால் அளவு விளங்கும்.

ரேட்டஸ் பர்ரஸ் என்னும் நிக்கோபார் எலிக்கு உலகில் உள்ளவை 3 தீவுகளே: டிரிங்கட், லிட்டில் நிக்கோபார், கிரேட் நிக்கோபார். மூன்றின் மொத்த நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிரேட் நிக்கோபாரே. 2004 சுனாமியில் டிரிங்கட் துண்டாகிப் போனது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிட்டுள்ளது. 1902இல் விலங்கியலாளர் ஜெரிட் மில்லர் இவ்வினத்தை விவரித்தது, 1901இல் வில்லியம் அபட் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு. அப்பயணத்தில் உடன் சென்ற போடன் குளோஸ் பின்னர் கோலாலம்பூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார்.

ஒரு தீவுக்கு எலியினங்களை இழக்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவுக்கு 4. அதன் பரப்பு 135 சதுர கிலோமீட்டர். கிரேட் நிக்கோபாரில் திட்டத்துக்காக எடுக்கப்படும் காட்டின் அளவுதான் ஏறத்தாழ. 1899இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பலோடு கறுப்பெலிகள் இறங்கின. 1903க்குப் பிறகு அத்தீவுக்கே உரிய 2 எலியினங்களையும் எவரும் காணவில்லை. 1908இல் இயற்கையியலாளர் சார்ல்ஸ் ஆண்ட்ரூஸ் தேடியும் கிடைக்கவில்லை. 2008இல் வெளியான ஆய்வு, 1899க்குப் பின் பிடிபட்ட மாதிரிகளில் ரத்த ஒட்டுண்ணியின் மரபணுத் தடயத்தைக் கண்டது. முந்தைய மாதிரிகளில் அது இல்லை. இழந்ததை மீட்பதும் எளிதல்ல: 2022இல் அந்த 2 எலியினங்களுள் ஒன்றின் மரபணுத் தொகுதியைப் படித்தவர்களால் 4.85 விழுக்காட்டை மீட்க இயலவில்லை.

வெளி எலிகள் நிக்கோபாருக்கு முன்பே வந்துவிட்டன. ஆகவே அதே 4 ஆண்டுக் கணக்கு இங்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முதற்கட்டத்திலேயே 40 லட்சம் கொள்கலன்கள். இன்றைய சுமார் 8,000 மக்கள்தொகை 3.5 லட்சமாகும் என்று மதிப்பீடு. வரத்து பெருகும்போது ஆபத்தும் பெருகும்.

இழக்கும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் 261.54 சதுர கிலோமீட்டரில் மரம் நடுவதாக 2022இல் ஏற்கப்பட்டது. அளவில் அது இரு மடங்கு. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் அந்த மரங்களால் இந்த எலிக்கு ஒரு சதுர மீட்டர்கூடக் கிடைக்காது.

திட்டத்தின் தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு 7.20 கோடி. முதல் கப்பல் நங்கூரமிடும் முன், 3 தீவுகளிலும் எலிக் கணக்கெடுப்புக்கும் கப்பல் எலித் தடுப்புக்கும் அந்தத் தொகையையாவது இந்திய அரசு ஒதுக்க வேண்டும்.