தொட்டியும் மரமூடியும்

மும்பையிலிருந்து ரேணிகுண்டா வழியாகச் சென்னைக்கு வரும் நேயர்கள், கோடை நாட்களில் மாங்காய் ஏற்றிய வண்டிகளைக் கண்டிருத்தல் கூடும். சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கிளிமூக்கு மாவில் பெரும்பகுதி ஆலைகளில் கூழாக்கப்படுகிறது. கூழைச் சூடேற்றிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்து, அப்பையை இரும்புப் பீப்பாயில் வைத்து மூடுகின்றனர். அவ்வாறு செய்த கூழ் குளிர்ப்பெட்டியின்றியே பல மாதங்கள் இருக்கும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உட்புகுந்தாலோ கூழ் புளித்துப் பை உப்பிவிடும்.

கூழுக்குப் பகையான அந்தப் புளிப்பே திராட்சை மதுத் தொழிலுக்கு முதல். மதுவின் நன்மை தீமைகளை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. மதுத் தொட்டியின் வாயை மூடும் மரப்பலகையே நம் பொருள்.

ஈஸ்ட், சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறாயின், ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய 50 லிட்டர் வாயுவை வெளிவிடும். 1,000 லிட்டர்த் தொட்டிக்கு இது 50,000 லிட்டர்! இதனை இறுக அடைத்தால் தொட்டி தாங்குமா? ஆகவே பலகைகளை இணைத்துச் செய்த மூடியைத் தளர்வாக வைக்கின்றனர். வாயு விளிம்பு வழியே வெளியேறும். காடிக் கிருமியைச் சுமந்து வரும் பழ ஈ உள்ளே செல்லாது. நம் வீட்டுப் பெண்டிர் ஊறுகாய் ஜாடிக்குத் துணியால் வேடு கட்டுவதும் ஏறத்தாழ இதே கருத்தில்தான். செந்திராட்சைத் தொட்டியில் தோல்கள் வாயுவால் உந்தப்பட்டு மேலே மிதந்து உலரும். அவற்றைச் சாற்றினுள் அமிழ்த்தி வைக்க, மரச்சட்டத்தாலான மற்றொரு தடுப்பும் உண்டு. ஜப்பானியர் ஊறுகாய்த் தொட்டியின் மரமூடிமேல் கல்லேற்றுவதும் இதனையொத்ததே.

மரம் எதற்கு? புளித்த சாறு இரும்பை அரிக்கும். அரிபட்ட இரும்பு சுவையைக் கெடுக்கும். மரத்துக்கு அக்குறை இல்லை. நனைந்தால் பருத்து, இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும்.

ஆனால் புளிப்பு அடங்கிய பின் நிலைமை தலைகீழாகிறது. வாயுவின் காவல் நீங்கிவிடுவதால் இனிக் காற்றே பகை. உலர்ந்து சுருங்கி, இடுக்கில் பூஞ்சை பிடிக்கும் மரமூடி நெடுநாள் சேமிப்புக்கு ஏற்றதன்று என்பதே நம் கருத்து. தொட்டியை வாய்மட்டும் நிரப்பி வைக்கலாம். அன்றேல், விளிம்பில் காற்றடைத்த குழாயுடன் மதுவின் மேற்பரப்பிலேயே அமரும் துருப்பிடிக்கா எஃகு மூடியை நாடலாம்.

மூடியைத் திறக்கும் வேளைதான் உயிருக்கு ஆபத்தானது. கரியமில வாயு காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமுடையது. மதுவை இறக்கிய பின்னும் தொட்டியின் அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாது. கழுவ இறங்கியவர் மயங்குவார். தூக்கச் சென்றவரும் உடன் விழுவார். 2018 பிப்ரவரியில் சித்தூர் மாவட்டம் பலமனேர் அருகே, ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தின் கழிவுநீர்த் தொட்டியில் எழுவர் மாண்டனர். அங்கிருந்தது கழிவின் நச்சு வாயு. எனினும் அடைபட்ட தொட்டி மனிதரைக் கொல்லும் விதம் ஒன்றே.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் எரிகிறதென்று மட்டும் நம்பி இறங்கலாகாது. மூடியை முழுதும் அகற்றி, விசிறியால் புதுக்காற்றைச் செலுத்தி, கருவியால் அளந்தறிந்த பின்னரே இறங்க வேண்டும். இடுப்பில் கயிறும், மேலே அதனைப் பிடிக்க ஆளும் இருத்தல் வேண்டும்.