சிறு கித்தாருக்கு ஏற்ற தந்திகள்

தம் பிள்ளைகள் இசை பயில வேண்டும் என்பது பெற்றோர் பலரின் ஆவல். அவ்வாவலால், பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் சிறு கித்தார் ஒன்றினை வாங்கித் தருகின்றனர். சில மாதங்களில் அதன் தந்தி தேய்கிறது. அல்லது அறுந்து போகிறது. கடையில் கிடைத்த தந்தியை வாங்கிப் பூட்டியபின் ஒலி மங்குகிறது. தந்தி தளர்ந்து மெட்டுகளில் உரசி இரைகிறது. ‘பிள்ளைக்கு இசை வராது’ என்று முடிவு கட்டி, கித்தாரை அலமாரியின் மேல் ஏற்றி விடுகின்றனர். பெரும்பாலும் குற்றம் பிள்ளையிடம் இல்லை. கித்தாரின் அளவுக்குப் பொருந்தாத தந்தியிலேயே உள்ளது. பொருத்தமான தந்தியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

பழந்தமிழர் யாழின் தந்தியை ‘நரம்பு’ என்று அழைத்தனர். மேலை நாட்டுக் கித்தாருக்கும் முற்காலத்தில் ஆட்டுக் குடலால் ஆன நரம்பையே பூட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது அந்நரம்பு காயங்களைத் தைப்பதற்குத் தேவைப்பட்டதால், இசைக் கலைஞருக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அமெரிக்காவின் டூப்பான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935ஆம் ஆண்டில் உருவாக்கிய நைலான் அப்பொழுது கைகொடுத்தது. 1940களில் நியூயார்க் நகரில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பார் நைலானால் தந்தி செய்தார். ஸ்பெயின் நாட்டுக் கித்தார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதனை ஏற்று வாசிக்கவே, உலகெங்கும் அது பரவியது.

நைலான் கித்தாரில் ஆறு தந்திகள் உள்ளன. மெல்லொலி தரும் முதல் மூன்றும் வெறும் நைலான் இழைகள். முதல் தந்தியின் பருமன் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர், மூன்றாவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தடித்த ஒலி தரும் மற்ற மூன்றும் நுண்ணிய நைலான் இழைகளின் கற்றைமேல் வெள்ளி முலாம் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்யப்பட்டவை. சுருதி சேர்த்தபின், முதல் தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 330 முறையும் ஆறாம் தந்தி ஏறத்தாழ 82 முறையும் அதிரும்.

தந்தியின் ஒலி மூன்றினைப் பொறுத்தது: நீளம், எடை, இழுவிசை. பிரான்ஸ் நாட்டு அறிஞர் மரேன் மெர்சென் 1636ஆம் ஆண்டில் தம் நூலில் இதற்கான விதிகளை விளக்கியுள்ளார். நீளம் குறைந்தால் சுருதி உயரும். எனவே, நீளம் குறைந்த கித்தாரில் அதே தந்தியைப் பூட்டி அதே சுருதியில் வைக்க வேண்டுமாயின், தந்தியைத் தளர்த்தியே ஆக வேண்டும். சிறு கித்தாரின் தந்தி தொய்ந்து இரைவதற்கு இதுவே காரணம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். முழு அளவுக் கித்தாரில் தந்தியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர். முக்கால் அளவில் இது ஏறத்தாழ 580. அரை அளவில் ஏறத்தாழ 530. செய்பவருக்கு ஏற்பச் சற்று மாறுபடும். நீள விகிதத்தின் இருமடிப் படி இழுவிசை குறைகிறது. 580ஐ 650ஆல் வகுத்து, விடையை அதே விடையால் பெருக்கினால் 0.80 வரும். அஃதாவது, முழுக் கித்தாரில் 100 பங்கு இருக்கும் இழுவிசை முக்கால் கித்தாரில் 80 பங்காகிறது. அரைக் கித்தாரிலோ மூன்றில் இரண்டு பங்காகிறது.

ஆதலால், கடைக்குச் செல்லுமுன் கித்தாரை அளந்து கொள்ள வேண்டும். கழுத்தின் உச்சியில் தந்திகள் பதியும் கட்டையிலிருந்து 12ஆவது மெட்டுவரை அளந்து, அதனை இரட்டிப்பாக்கினால் அதிரும் நீளம் கிடைக்கும்.

முழு அளவாயின், உறைமீது ‘நார்மல் டென்ஷன்’ என்று குறித்துள்ள தந்திகள் போதும். முக்கால் அளவுக்கு ‘ஹார்ட் டென்ஷன்’ வகை ஓரளவு ஈடு செய்யும். மற்றொரு வழியும் உண்டு: சாதாரணத் தந்தியையே பூட்டி, ஆறினையும் இரண்டு அரைச்சுரம் உயர்த்திச் சுருதி சேர்த்தால், இழுவிசை முழுக் கித்தாருக்கு நிகராகிவிடும். தனித்து வாசிப்போருக்கு இது நன்று. பிறரோடு சேர்ந்து வாசிப்போருக்குச் சுருதி ஒவ்வாது. அரை அளவுக்கு ‘ஹார்ட்’ வகையும் போதாது. அவ்வளவினைக் குறித்து விற்கப்படும் தடித்த தந்திகளையே கேட்டு வாங்க வேண்டும். அவை கட்டையின் பள்ளத்தில் சரியாகப் பதியாவிடில், பழக்கமுள்ளவரைக் கொண்டு பள்ளத்தைச் சற்று அகலப்படுத்தலாம்.

ஓர் எச்சரிக்கை! நைலான் கித்தாரில் இரும்புத் தந்தியைப் பூட்டவே கூடாது. முழு அளவில் நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமம். இரும்புத் தந்திகளோ 60 முதல் 75 கிலோ வரை இழுக்கும். இலேசாகச் செய்யப்பட்ட கித்தாரின் கழுத்து வளையும். தந்தி கட்டும் பாலம் பெயர்ந்துவிடும். கணீரென்று ஒலிக்கும் என்று எண்ணி வாங்கிய தந்தி, கித்தாரையே பாழாக்கிவிடும்.

பழைய தந்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுதல் எளிது; எது எங்கே என்னும் குழப்பம் நேராது. புதிய நைலான் தந்தி சில நாள்கள் நீண்டுகொண்டே இருக்கும். அடிக்கடி சுருதி இறங்குவது கண்டு சோர்ந்துவிடக் கூடாது. நம் நாட்டு வெப்பத்தில் விரல் வியர்வை பட்டுக் கம்பி சுற்றிய தந்திகள் விரைவில் கறுத்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

அண்ணன் வாசித்த கித்தாரைத் தம்பியும், அக்காள் வாசித்ததைத் தங்கையும் பயன்படுத்துவது நம் இல்லங்களில் உள்ள நல்வழக்கமே. அவ்வாறு கைமாறும்பொழுது, அதன் அளவறிந்து தந்தி மாற்றித் தருவோம். அலமாரியின் மேல் தூசு படிந்து கிடக்கும் கித்தாரையும் ஒருமுறை இறக்கி அளந்து பார்ப்போமாக! இசை வராது என்று நாம் எண்ணிய பிள்ளையின் விரல்களில் இனிய இசை பிறக்கக்கூடும்.