நோயாளர் உணவும் உணவியலாளர் பணியும்

நோய்க்குக் காரணமாவதும் உணவு. அதனைத் தணிக்குங் கருவியாவதும் உணவு. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியே கூறுதல் நோக்கற்பாலது. இவ்வறிவை அளந்தும் நிறுத்தும் வரையறுத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ப வகுத்துக் கொடுப்பவரே வைத்தியசாலை உணவியலாளர்.

இப்பணி தனித்துறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அமெரிக்காவில் 1917இல் உணவியலாளர் சங்கம் தோன்றியது. 1921இல் ரொறொன்ரோ நகரிற் பன்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபின் இதன் தேவை பெருகிற்று. ஊசிமருந்தின் அளவும் உண்ணும் மாப்பொருளின் அளவும் ஒத்திராவிடின், குருதியிலுள்ள வெல்லம் மிகும். அன்றேல் ஆபத்தான அளவுக்குக் குறையும். ஆகவே உணவை நிறுத்து வழங்க வல்லோர் வேண்டப்பட்டனர். 1924இல் எடின்பரோ அரச வைத்தியசாலையில் தாதியொருவர் பிரித்தானியாவின் முதல் உணவியலாளராகப் பணி தொடங்கினார்.

எல்லோர்க்கும் பொதுவான பத்தியம் என ஒன்றில்லை. நீரிழிவுடையோர் சிலர், குரக்கனில் வெல்லமாக மாறும் பொருள் இல்லையெனக் கருதி அதன் பிட்டை வயிறார உண்பர். அரிசியைப் போலவே குரக்கனிலும் நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் மாப்பொருள் உண்டு. நார்ப்பொருளும் கல்சியமும் மிகுந்திருத்தல் அதன் சிறப்பு. எனினும் அளவு தப்பின் அதுவுந் தீங்கே.

காய்கறிகளைச் சிறிது நீரில் அவித்து, அந்நீரையும் வீணாக்காது உண்க என்பது சுகதேகிக்குரிய அறிவுரை. சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றுக் குருதியிற் பொற்றாசியம் தேங்கும் நோயாளிக்கோ, அவற்றை நறுக்கி, மிகுந்த நீரில் அவித்து, அந்நீரை வடித்துவிடுமாறு கூறுவர். இளநீரும் வாழைப்பழமும் அவருக்கு விலக்காகலாம். மிகைப்பட்ட பொற்றாசியம் இருதயத் துடிப்பையே நிறுத்தவல்லது. அன்போடு கொடுத்த இளநீரே உயிருக்கு இடராதல் இவ்வாறேயாம்.

நோயாளி வைத்தியசாலையில் உண்பது சில நாள். வீட்டில் உண்பது ஆயுள் முழுவதும். ஆதலின், வீட்டிற் சமைப்பவரையும் அருகிருத்தி அறிவுறுத்தல் உணவியலாளரின் தலையாய கடமை. ‘உப்பைக் குறையுங்கள்’ என்ற அளவில் நிற்றல் போதாது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பையே விதிக்கின்றது. அஃது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்டது. கறியில் உப்பைக் குறைத்தபின் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இலையில் இடப்படின், அவ்வளவு எளிதிற் கடந்துவிடும். இதனைப் பாத்திரமுங் கரண்டியுங் கொண்டு காட்டினாலன்றி மனத்திற் பதியாது.

இக்கல்வி நோயாளர் படுக்கையோடு முடிதல் கூடாது. தாய்மார் கூடும் சிகிச்சை நிலையங்களிலும் பாடசாலைகளிலும் அது பரவுதல் வேண்டும். தம் வீட்டில் நாடோறும் செலவாகும் உப்பையும் சீனியையும் எண்ணெயையும் ஒரு கிழமைக்கு அளந்து பார்ப்பாராயின், மாணவர் அக்கல்வியின் முதற்பாடத்தைத் தாமே கற்றவராவர்.