உண்டியல் உடைந்தது... புத்தகம் வந்தது!

குட்டீஸ், உங்கள் உண்டியலைக் கொஞ்சம் குலுக்கிப் பாருங்கள். எவ்வளவு இருக்கும்? அந்தக் காசை எடுத்துக்கொண்டு போய், ஒரே நாளில் நாலைந்து புத்தகங்கள் வாங்கி, பை கனக்க வீடு திரும்பியிருக்கிறீர்களா? தீபாவளிக்குத் துணி எடுத்து வருவதைவிட அது தனி குஷி!

ஈரோட்டில் ‘மக்கள் சிந்தனைப் பேரவை’ என்ற அமைப்பு, 2005ம் ஆண்டு முதல் புத்தகத் திருவிழா நடத்தி வருகிறது. ஆகஸ்ட் மாதத்தில் 12 நாட்கள் நடக்கும். இதற்காக மாணவர்களுக்கு உண்டியல் கொடுத்து, வருடம் முழுக்கக் காசு சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்த காசில் 250 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கினால், ‘நூல் ஆர்வலர்’ என்ற சான்றிதழ் உண்டு. சான்றிதழ் கிடக்கட்டும். தன் காசில், தானே பொறுக்கி எடுத்து வாங்குவதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் பொம்மிடியில் ரயில் ஏறினால், சேலம் வழியாக ஈரோடு போய்விடலாம். ஒரு வருடம், எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரை அழைத்துப் போனேன். அதில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அவள் சுருக்குப் பையில் 263 ரூபாய், பாதிக்கு மேல் சில்லறை!

ஒரே கடையில் நாலு புத்தகங்கள் எடுத்துவிட்டாள். நட்சத்திரங்கள் பற்றியது 90 ரூபாய், விலங்குக் கதைகள் 80, ஒரு நாவல் 70, வீட்டிலிருக்கும் தம்பிக்குப் படக்கதை 50. கூட்டிப் பாருங்கள், 290 வருகிறதா? 27 ரூபாய் இடிக்கிறது. என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தம்பி புத்தகத்தை அவள் தொடவில்லை. தனக்கு ரொம்பப் பிடித்த நட்சத்திரப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

கடைக்காரர் பில் போட்டார். ‘200 ரூபாய், 20 கழிவு, 180 கொடும்மா’ என்றார். புத்தகத் திருவிழாக்களில் 10 சதவீதம் தள்ளுபடி தருவது வழக்கம் இல்லையா? அவளுக்குப் பொறி தட்டியது. கையில் மிச்சம் 83. நட்சத்திரப் புத்தகமோ கழிவு போக 81! ஒரே ஓட்டம். அதற்குள் ஒரு பெரியவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றாள். அவர் சிரித்துக்கொண்டே நீட்டிவிட்டார். மீதி இரண்டு ரூபாய்!

சதவீதக் கணக்கை இதைவிட நன்றாக என்னால் வகுப்பில் நடத்தியிருக்க முடியாது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கள் ஊர்ப் பக்கம் வெற்றிலை வாங்குகிறவர்கள் கட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் இலையையும் பார்ப்பார்கள். அட்டையைப் பார்த்து மயங்காமல், நடுவில் ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அடுத்த பக்கம் திருப்பத் தோன்றினால் வாங்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட் கடையை விட்டுவிடாதீர்கள். அங்கே சிறுவர் புத்தகங்கள் விலை குறைவு. ஜப்பான் சிறுமியின் பள்ளிக்கூடக் கதையான ‘டோட்டோ சான்’ தமிழில் வந்ததும் அவர்கள் வெளியீடாகத்தான்.

ஈரோடு தூரம் என்று கவலைப்பட வேண்டாம். நம் தருமபுரியிலேயே 2018ல் ‘தகடூர் புத்தகப் பேரவை’ புத்தகத் திருவிழாவைத் தொடங்கியது. சென்னையில் 1977லிருந்தே புத்தகக் காட்சி நடக்கிறது.

அன்று திரும்பும் ரயிலில் ஒருவரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடவில்லை. எல்லார் மடியிலும் புத்தகம்! சேலம் தாண்டுவதற்குள் ஒரு பயல் தன் புத்தகத்தை முடித்துவிட்டு, அடுத்தவன் புத்தகத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். ‘நீ முடிச்சதும் எனக்கு, நான் முடிச்சதும் உனக்கு’ என்று பேரம் முடிந்தது. பொம்மிடி வந்ததும், இறங்குங்கடா என்று நான் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.